நந்தா தேவி: ஆளில்லா மலையின் நிலமும் வானிலையும்

(பயிற்சி அலுவலர்களும் பொருளியல் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளியல் பயின்று, கோப்புகளிடையே பல ஆண்டுகளைக் கழித்த ஒருவர், ஒரு மலைச் சிகரத்தின் நில அமைப்பையும் வானிலையையும் பற்றிப் பேச முற்படுவது உங்களுக்குச் சற்று வியப்பாகத் தோன்றலாம். ஒரு நிலப்பகுதியின் பெயர் எழுந்தவுடன் நம் துறையினர் கேட்கும் வினாக்கள் மூன்று. அங்கே எத்தனை பேர் வாழ்கின்றனர்? என்ன விளைகிறது? அங்கிருந்து எதைப் பெறலாம்? நந்தா தேவியின் உட்படுகையைப் பொறுத்தவரை முதல் வினாவுக்கு விடை, ஒருவரும் இல்லை என்பது. இரண்டாவதற்கு விடை, ஒன்றும் விளைவதில்லை என்பது. மூன்றாவதற்கு மட்டும் 'நீர்' என்று ஒரே சொல்லில் விடை எழுதிவிட்டு மேலே செல்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தகைய நிலமும் எத்தகைய வானமும் நிற்கின்றன என்பதை அறியாமல் போடும் கணக்கு எங்கே தவறுகிறது என்பதைக் காட்டவே இன்று இந்த மலையை எடுத்துக்கொண்டேன்.

நந்தா தேவி, உத்தரகண்ட மாநிலத்தில், சமோலி மாவட்டத்தின் கிழக்கெல்லையை ஒட்டி அமைந்துள்ளது. உயரம் 7,816 மீட்டர். இந்தியாவின் சிகரங்களுள் கஞ்சன்ஜங்காவுக்கு அடுத்த நிலையில் இருப்பது இதுவே. கஞ்சன்ஜங்கா நேபாள எல்லையின்மேல் நிற்பதால், முழுவதும் இந்திய மண்ணுக்குள்ளேயே நிற்கும் மலைகளில் மிக உயர்ந்தது நந்தா தேவி என்று கூறுவது பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நேபாளத்தின் தவளகிரி அளக்கப்படும் வரை, உலகிலேயே உயர்ந்த மலை இதுதான் என்று நில அளவையாளர் கருதியிருந்தனர். முதன்மைச் சிகரத்திற்குக் கிழக்கே 7,434 மீட்டர் உயரமுள்ள இரண்டாம் சிகரம் ஒன்று உண்டு. இரண்டையும் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள கூரிய முகடு இணைக்கிறது. கடுவால், குமாவூன் மக்கள் இவ்விரண்டையும் தேவியென்றும் அவள் தங்கையென்றும் வழங்குவர்.

உயரத்தைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது இம்மலையின் அமைப்பு. இமயத்தின் பெருஞ்சிகரங்கள் பெரும்பாலும் நீண்ட தொடரொன்றின் முகட்டில் நிற்பவை. ஒரு பக்கத்திலிருந்தேனும் அவற்றின் அடிவாரத்தை எளிதில் அணுகலாம். நந்தா தேவி அவ்வாறன்று. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஒரு மலை மதிலுக்கு நடுவே அது தனித்து நிற்கிறது. மதிலின் வடபுறத்தில் துனாகிரி (7,066 மீட்டர்), சங்கபங் (6,864), கலங்கா (6,931), ரிஷி பகார் (6,992) ஆகியவை. தென்புறத்தில் திரிசூல் (7,120), மிருகதூனி (6,855), மைக்தோலி (6,803) ஆகியவை. கிழக்கே நந்தா தேவியின் இரண்டாம் சிகரமே மதிலின் ஒரு பகுதியாகிறது. இவ்வளையத்தில், மேற்குப் புறம் நீங்கலாக, 5,200 மீட்டருக்குக் குறைந்த தாழ்வாரம் ஒன்றுகூட இல்லை. மேற்கே ஒரே ஒரு வாயில். அதுவும் மனிதர் செல்வதற்கென அமைந்ததன்று. உள்ளே உருகும் பனி முழுவதும் வெளியேற ரிஷி கங்கை அறுத்து வைத்த மலையிடுக்கு அது. கோட்டை ஒன்றைக் கட்டி, நுழைவாயிலை மறந்துவிட்டு, நீர் வெளியேறும் மதகை மட்டும் வைத்தாற்போன்ற அமைப்பு.

மதிலுக்குள் உள்ள நிலமும் ஒரே பரப்பாக இல்லை. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் நீண்டு வரும் இரு கிளை முகடுகள் அதை உட்படுகை என்றும் வெளிப்படுகை என்றும் பிரிக்கின்றன. உட்படுகையில் சிகரத்தின் இருமருங்கும் வடக்கு நந்தா தேவிப் பனியாறும் தெற்கு நந்தா தேவிப் பனியாறும் இறங்குகின்றன. வடக்கு ரிஷி, தெற்கு ரிஷி, சங்கபங் பனியாறுகள் அவற்றோடு சேர்கின்றன. வெளிப்படுகையில் ரமணி, பேதார்தோலி, திரிசூல் பனியாறுகள் உள்ளன. தெற்குப் பனியாற்றின் தளத்திலிருந்து சிகரம் நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த கிடைத்தொலைவுக்குள் 3,300 மீட்டர் உயர்ந்து எழுகிறது. படத்தில் இதை ஒரு கோணமாக வரைந்து பாருங்கள். பாறை எவ்வளவு செங்குத்தாக நிற்கிறது என்பது விளங்கும். அத்தகைய சரிவில் பனி நெடுநாள் தங்குவதில்லை. தங்க இயலாத பனி எங்கே செல்கிறது என்ற வினா பின்னர் வரும்.

அந்த மதகின் வழியாக உள்ளே செல்ல 1883ஆம் ஆண்டு முதல் ஐம்பது ஆண்டுகள் மலையேறுவோர் முயன்றனர். லாங்ஸ்டாஃப் 1905இல் கிழக்கு மதிலின் மீதேறி உள்ளே எட்டிப் பார்த்தார். 1907இல் திரிசூலத்தை வென்றார். ஆயினும் உட்படுகையில் அவரால் கால்வைக்க இயலவில்லை. 1934இல் ஷிப்டன், டில்மன் என்ற ஆங்கிலேயர் இருவரும், அங்தார்கே, பசங், குசங் என்ற செர்ப்பா இனத்தவர் மூவரும் மலையிடுக்கின் சுவரைப் பற்றிக்கொண்டே நாட்கணக்கில் நகர்ந்து உள்ளே சென்றனர். அறிந்த வரலாற்றில் மனிதர் அங்கே நுழைந்தது அதுவே முதன்முறை. 1936 ஆகஸ்டு 29இல் டில்மனும் ஓடெல்லும் சிகரத்தை அடைந்தனர். 1950இல் அன்னபூர்ணா ஏறப்படும் வரை மனிதர் தொட்ட சிகரங்களில் இதுவே உயர்ந்தது. இந்தியக் குழு 1964இல் வென்றது. நவாங் கோம்பு அக்குழுவில் சிகரம் தொட்டவர்களில் ஒருவர். 1981இல் ரேகா சர்மா, ஹர்ஷ்வந்தி பிஷ்ட், சந்திரபிரபா ஐத்வால் ஆகிய இந்தியப் பெண்மணிகள் மூவர் ஏறினர். இவ்வரலாற்றை விரிவாகக் கூறும் நூல்கள் பல உள்ளன. அதை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

இனி வானிலை. உயரே செல்லச் செல்ல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ 6.5 செண்டிகிரேடு குறைகிறது என்பது நீங்கள் பள்ளியிலேயே படித்த சராசரிக் கணக்கு. அதன்படி, சமவெளியில் 30 செண்டிகிரேடு உள்ள நாளில் நந்தா தேவியின் உச்சியில் உறைநிலைக்குக் கீழே 20 செண்டிகிரேடு இருக்க வேண்டும். அதுவும் கோடையில். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே மிகுதி. நீர் ஏறத்தாழ 75 செண்டிகிரேடிலேயே கொதித்துவிடும். குளிர்காலத்தில் மேல்வளியில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் கடுங்காற்றின் பாதைக்குள் சிகரம் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அக்காற்று உச்சிப்பனியை வாரிக் கிழக்கே வீசும்போது, தொலைவிலிருந்து காண்பவர்க்கு அது புகை எழுவதுபோல் தோன்றும். தேவியின் அடுக்களைப் புகை என்று மக்கள் அதைச் சொல்வதாகப் பழைய ஆங்கில அலுவலர்கள் எழுதி வைத்துள்ளனர். அறிவியலார் அதைக் காற்றின் திசைகாட்டியாகக் கொள்வர். எனக்கு இரண்டுமே ஏற்புடையவையாகத்தான் தோன்றுகின்றன.

இம்மலைக்கு நீர் வரும் வழிகள் இரண்டு. கோடையில் தென்மேற்குப் பருவக்காற்று. அதில் வங்கக் கடல் ஈரம் இமயத்தின் தென்சரிவை ஒட்டி வடமேற்காக நகர்ந்து வரும். குளிர்காலத்தில், மத்தியதரைக் கடற்பகுதியில் தோன்றி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக நகரும் தாழ்வழுத்தங்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை பனியைக் கொண்டு வந்து கொட்டும். மேற்கு இமயத்திற்குப் பின்னது பெரிது. கிழக்கு இமயத்திற்கு முன்னது பெரிது. நந்தா தேவி இவ்விரண்டின் ஆட்சியும் சந்திக்கும் இடத்தில் உள்ளது. ஆண்டுக்கு இருமுறை பனி பெறும் மலை என்று சொல்லலாம்; ஏனெனில் கீழே மழையாகப் பெய்யும் பருவக்காற்றின் ஈரம் உச்சியில் பனியாகவே விழுகிறது. நாம் குடை பிடிக்கும் ஜூலை மாதத்தில் மேலே பனிப்புயல் வீசுகிறது. மலையேறுவோர் பருவமழைக்கு முன்னுள்ள மே, ஜூன் மாதங்களையோ, மழைக்குப் பின்னுள்ள செப்டம்பரையோ நாடுவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் மதிலுக்குள் கதை வேறு. தெற்கு மதில் பருவக்காற்றின் பெரும்பகுதியைத் தன் புறச்சரிவிலேயே இறக்கிவிடுகிறது. அதனால் உட்படுகை ஆண்டின் பெரும்பகுதி உலர்ந்த நிலமாகவே உள்ளது. ஜூன் இறுதி முதல் ஆகஸ்டு வரை மட்டும் மலையிடுக்கின் வழியாகவும் முகடுகளுக்கு மேலாகவும் மேகம் உள்ளே புகுந்து, வெளியேற வழியின்றித் தேங்கி நிற்கும். மழையைக் காட்டிலும் இந்த மூடுபனியே மண்ணை ஈரமாக வைத்திருப்பது. இமயத்தின் உட்பள்ளத்தாக்குகள் பொதுவாகப் புல் குறைந்து வறண்டிருக்க, இங்குள்ள புல்வெளிகள் மட்டும் பசுமை மிகுந்திருப்பதற்கு இம்மூடுபனியே காரணம். ஆண்டில் ஆறு மாதம் படுகை பனிக்குள் புதைந்து கிடக்கும். படுகையின் தென்பகுதியில் பனி மிகுதியாகவும் தாழ்வாகவும் தங்கும். அங்குள்ள சரிவுகள் வடக்கு நோக்கியவை, வெயில் அவற்றின் மேல் சாய்ந்தே விழுகிறது. வடபகுதிச் சரிவுகள் தெற்கு நோக்கியவை; அங்கே பனி விரைவில் உருகும். ஒரே படுகையில், சில கிலோமீட்டர் இடைவெளியில், இரண்டு நாட்காட்டிகள் நடக்கின்றன.

இந்த வேறுபாட்டைச் செடிகொடிகள் வரைபடம்போல் காட்டுகின்றன. ரிஷி கங்கை இடுக்கில் ஃபர், ரோடோடென்ட்ரான், பூர்ஜ மரங்கள் ஏறத்தாழ 3,350 மீட்டர் வரை காடாக நிற்கும். ரமணிப் பனியாற்றைக் கடந்ததும் காடு நின்றுவிடும்; உட்படுகையில் குட்டையான ஜூனிப்பர்ப் புதர்; அதற்கு மேல் புல்லும் பாசியும்; பனியாற்றின் அருகே ஏறத்தாழப் பாலை. அங்கே பரல் என்னும் நீலச்செம்மறி, கஸ்தூரி மான், இமயத்து வரையாடு, பனிச்சிறுத்தை ஆகியவை உள்ளன. 1934இல் உள்ளே நுழைந்தோர் அவ்விலங்குகள் மனிதரைக் கண்டு அஞ்சாததைக் குறிப்பிட்டுள்ளனர். அஞ்சக் கற்றுக்கொள்ள அவற்றுக்கு அதுவரை வாய்ப்பு இருந்ததில்லை.

உட்படுகையின் வானிலை பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி மலையேறும் குழுவினர் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து கிடைத்ததே. அவர்கள் உள்ளே இருந்தவை கோடையும் மழைக்காலமும் சார்ந்த சில மாதங்களே. குளிர்காலத்தைப் பற்றிய அறிவு செயற்கைக்கோள் வழியாகவே வருகிறது. ஒன்றை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். 1965 அக்டோபரில், சீனாவின் ஏவுகணைச் சோதனைகளை உளவறிவதற்காக, அமெரிக்க, இந்திய உளவுத் துறையினர் புளுட்டோனியத்தால் இயங்கும் கருவியொன்றைச் சிகரத்தில் நிறுவ முயன்றனர். பனிப்புயல் எழவே, கருவியை வழியிலேயே பாறையில் கட்டிவைத்துவிட்டுத் திரும்பினர். அடுத்த ஆண்டு சென்றபோது கருவி அங்கே இல்லை. பனிச்சரிவு அதை வாரிச் சென்றிருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. 1978இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் இதனை நாடாளுமன்றத்தில் வெளியிட்டார். ஆராய அமைக்கப்பட்ட அறிவியலார் குழு ஆற்று நீரில் கதிரியக்க மாசு காணப்படவில்லை என்று தெரிவித்தது. கருவி கிடைக்கவில்லை. வல்லரசொன்றின் பணமும் திறனும் துணைநின்றும், அக்டோபர் மாதத்துப் பனிப்புயல் ஒன்று திட்டத்தை முடித்து வைத்தது என்பதே நாம் கொள்ள வேண்டிய செய்தி.

படுகைக்குள் எவரும் வாழவில்லை என்று தொடக்கத்தில் கூறினேன். அதன் வாயிலில் வாழ்கின்றனர். தவுளி கங்கைப் பள்ளத்தாக்கில், ரிஷி கங்கை வந்து சேரும் இடத்தில் ரேணி. அதற்கு அருகே லாதா, தோல்மா முதலிய ஊர்கள். இங்குள்ள போதியா மக்கள் கோடையில் மேலேறி, குளிரில் கீழிறங்கி, ஆடு மேய்த்தும் திபெத்துடன் உப்பும் கம்பளியும் வாணிபம் செய்தும் வாழ்ந்தவர்கள். 1962ஆம் ஆண்டுப் போருடன் எல்லை மூடப்பட்டு வாணிபம் அற்றது. எஞ்சியவை வெளிப்படுகையின் மேய்ச்சல் நிலமும், மலையேறுவோர்க்குச் சுமை தூக்கி, வழிகாட்டிப் பெறும் கூலியும், காடும் மட்டுமே.

காட்டுக்கு 1974இல் இடர் வந்தது. ரேணிக் காட்டின் மரங்கள் ஏலம் விடப்பட்டன. மார்ச்சு 26ஆம் நாள், நில இழப்பீடு பெறுவதற்காக ஆடவர் வெளியூர் சென்றிருந்த நேரத்தில், கௌரா தேவி என்ற அம்மையாரின் தலைமையில் ஊர்ப் பெண்கள் மரம் வெட்ட வந்தோரைத் தடுத்து நிறுத்தினர். சிப்கோ இயக்கம் நாடறிந்தது இந்நிகழ்ச்சியால்தான். அப்பெண்கள் எதை முன்வைத்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். 1970 ஜூலையில் அலகநந்தாவில் பெருவெள்ளம் வந்து, பாலங்களும் ஊர்களும் அழிந்து, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஹரித்துவாரத்தில் மேல் கங்கைக் கால்வாய் வண்டலால் தூர்ந்தது. மேலே மரம் போனால் கீழே மண் வரும் என்பதை அவர்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன் கண்ணால் கண்டிருந்தனர். பின்னர் அமைந்த அரசுக் குழுவும் அவர்கள் கூறியதையே உறுதி செய்தது. மேல் அலகநந்தா நீர்ப்பிடிப்புப் பகுதியில் பத்தாண்டுகளுக்கு மரம் வெட்டுதல் தடை செய்யப்பட்டது.

அடுத்தது படுகையையே மூடியது. 1970களில் வெளிநாட்டுக் குழுக்கள் மிகுதியாக வந்தன. ஒவ்வொரு குழுவோடும் நூற்றுக்கணக்கில் சுமையாளர். விறகுக்கு ஜூனிப்பர்ப் புதர் வெட்டப்பட்டது. கஸ்தூரி மான் திருட்டுத்தனமாக வேட்டையாடப்பட்டது. பாதை நெடுகத் தகரக் குவளைகள் குவிந்தன. அதனால் 1982இல் 630 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு மலையேற்றமும் மேய்ச்சலும் தடை செய்யப்பட்டன. 1988இல் யுனெஸ்கோ அதனை உலக மரபிடமாக ஏற்றது. 2005இல் மலர்ப் பள்ளத்தாக்கும் அதனுடன் சேர்க்கப்பட்டது. 1993இல் இராணுவப் பொறியாளர் குழுவுடன் உள்ளே சென்ற அறிவியலார், பத்தாண்டு ஓய்வில் செடிகொடிகள் மீண்டு வருவதைக் கண்டனர். குழுவினர் பழைய குப்பையையும் அகற்றினர். மூடியது சரியே என்பது என் கருத்து. இவ்வளவு உலர்ந்த, ஆறு மாதம் பனியில் கிடக்கும் நிலத்தில் ஒரு புதர் வளர எடுத்துக்கொள்ளும் காலத்தைக் கணக்கிட்டால் வேறு முடிவுக்கு வர இயலாது.

ஆனால் அம்முடிவின் விலையை யார் கொடுத்தார்கள்? பூங்காவினால் பயன் பெறுவோர் கங்கைச் சமவெளியில் உள்ள கோடிக்கணக்கானோர். உலக மரபு என்னும்போது உலகத்தாரும் தாம். விலை கொடுத்தோர் லாதாவிலும் ரேணியிலும் தோல்மாவிலும் உள்ள சில நூறு குடும்பங்கள். மேய்ச்சல் நிலம் போயிற்று. சுமைக் கூலி போயிற்று. காப்பில் பெருகிய விலங்குகள் வயலையும் ஆட்டுப் பட்டியையும் சேதப்படுத்தின. 1998இல் அவர்கள் தடையை மீறி உள்ளே சென்று தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். 2001இல் லாதாவில் கூடி, மலையைக் காப்பதையும் அங்கு வரும் பயணிகளால் கிடைக்கும் பயனைத் தம் ஊருக்கே உரியதாக்குவதையும் ஒருசேர வலியுறுத்தும் அறிக்கையொன்றை வெளியிட்டனர். பின்னர் வெளிப்பகுதியில் ஒரு சிறு பாதை மட்டும், வரம்புக்கு உட்பட்ட எண்ணிக்கையினர்க்கு, உள்ளூர் வழிகாட்டிகளுடன் செல்லத் திறந்துவிடப்பட்டது. இருபது ஆண்டு தாமதம். செலவும் பயனும் வெவ்வேறு ஆட்களின் கணக்கில் விழும்போது மொத்தத்தைக் கூட்டிப் பார்த்து 'இலாபம்' என்று எழுதுவது நம் தொழிலின் பழைய பழக்கம். தேர்வுத்தாளில் அதற்கு மதிப்பெண் கிடைக்கலாம், லாதாவில் கிடைக்காது.

இப்போது, தங்க இயலாத பனி எங்கே செல்கிறது என்ற வினாவுக்கு வருவோம். ரிஷி கங்கை ரேணியில் தவுளி கங்கையை அடைகிறது. தவுளி கங்கை விஷ்ணுப்பிரயாகையில் அலகநந்தாவை. அலகநந்தா தேவப்பிரயாகையில் பாகீரதியுடன் கூடிக் கங்கையாகிறது. படுகை உயரத்திலிருந்து ரேணியின் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திற்கு ஆறு மிகக் குறைந்த தொலைவில் இறங்குகிறது. மின்பொறியாளருக்கு இதைவிட விருப்பமான நிலம் இல்லை. பெரிய அணை வேண்டாம். நீரைச் சுரங்கத்தில் திருப்பிக் கீழே விழச் செய்தால் போதும். ரேணி அருகே 13.2 மெகாவாட் திறனுடைய ரிஷி கங்கை நிலையம் இயங்கி வந்தது. கீழே தபோவனத்தில் 520 மெகாவாட் திட்டம் கட்டப்பட்டு வந்தது.

2021 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை காலை, படுகையின் மேற்கு விளிம்பிலுள்ள 6,063 மீட்டர் உயரமுள்ள ரோந்திச் சிகரத்தின் வடமுகத்திலிருந்து பாறையும் பனிக்கட்டியுமாக ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் கன மீட்டர் பிரிந்து, 1,800 மீட்டர் கீழே பள்ளத்தாக்கில் விழுந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு பாறை. ஒரு பங்கு பனிக்கட்டி. விழுந்த வேகத்தின் உராய்வு வெப்பத்தில் பனிக்கட்டி ஏறத்தாழ முழுவதும் உருகியது. அவ்வாறு தோன்றிய நீரும் நொறுங்கிய பாறையும் சேற்றுப் பெருக்காகி, ரிஷி கங்கையின் மதகு வழியாகப் பாய்ந்தன. ரிஷி கங்கை நிலையம் முற்றிலும் அழிந்தது. தபோவனத்தின் தடுப்பணை உடைந்து, சுரங்கங்களில் சேறு நிறைந்தது. இறந்தோரும் காணாமற்போனோரும் 200க்கு மேற்பட்டவர். பெரும்பாலோர் இவ்விரு பணியிடங்களிலும் உழைத்தவர்கள்.

அது பிப்ரவரி மாதம் என்பதைக் கவனியுங்கள். நம் கையேடுகளில் வெள்ளக் காலம் என்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை. குளிர்காலத்தில் இமய ஆறுகள் மெலிந்து ஓடும். ஆகவே ஆற்றுப்படுகையில் கட்டுமானப் பணிக்கு ஏற்ற காலம் அதுவே என்று கொள்வர். மழை பெய்தால் வெள்ளம் வரும் என்ற சமவெளி அனுபவத்தில் இக்கணக்கு சரி. 6,000 மீட்டர் உயரத்தில், உறைதலும் உருகுதலும் மாறி மாறிப் பாறையின் பிளவுகளை விரிக்கும் இடத்தில், பேரிடருக்கு மழை தேவையில்லை. அந்தப் பாறைமுகத்தில் விரிசல் இருந்தது முந்தைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களிலேயே தெரிந்ததாகப் பின்னர் ஆய்வாளர்கள் காட்டினர். படம் இருந்தது; பார்க்க வேண்டும் என்ற கடமை எவருக்கும் ஒதுக்கப்படவில்லை. மலையிடுக்கின் மேலே நின்ற ஊரார் பெருக்கு வருவதைக் கண்டு கூவினர். இரைச்சலில் கீழே இருந்தோர் செவியில் அது விழவில்லை.

அந்த நிகழ்ச்சிக்குப் புவி வெப்பமடைதலே காரணம் என்று ஒரே ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை. செங்குத்தான பாறை வெப்பம் மாறாத காலத்திலும் விழுந்திருக்கிறது. ஆயினும் ரிஷி கங்கை நீர்ப்பிடிப்புப் பகுதியின் பனியாறுகள் 1980க்குப் பின் நான்கு பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பரப்பை இழந்துள்ளன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தாங்கி நின்ற பனி விலகும்போது பாறைச் சரிவுகள் நிலைகுலைவது இயல்பு. வருங்காலத்தில் இத்தகைய நிகழ்ச்சி குறையும் என்று எதிர்பார்க்கக் காரணம் எதுவுமில்லை.

உங்களில் சிலர் சில ஆண்டுகளில் திட்ட மதிப்பீட்டுக் குறிப்புகளை எழுதப் போகிறீர்கள். மலைநீர்த் திட்டம் எதுவானாலும் குறிப்பில் மூன்று செய்திகள் இருக்கும்: ஆற்றின் சராசரி நீரளவு, நீர் விழும் உயரம், ஓர் அலகு மின்சாரத்தின் அடக்க விலை. இவை யாவும் அணை கட்டும் இடத்திலிருந்து கீழ் நோக்கிய கணக்குகள். மேல் நோக்கிய கணக்கைக் கேளுங்கள். மேலே எத்தனை பனியாறுகள், எந்தச் சரிவு எத்திசை நோக்கியது, எங்கே பாறை விரிந்துள்ளது, அதைக் கண்காணிப்பவர் யார், அவரிடமிருந்து செய்தி கீழே வர எத்தனை நிமிடம் ஆகும்? ரேணியிலிருந்து தபோவனத்திற்குப் பெருக்கு வந்து சேர எடுத்த நேரம் சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களில் சுரங்கத்திலிருந்து ஓடி வந்து சரிவில் ஏறிவிட முடியும். ஒலிப்பான் ஒன்றும், நில அதிர்வுமானி சிலவும், அவற்றைப் பார்த்திருக்க ஆட்கள் சிலரும் ஆகும் செலவு, 520 மெகாவாட் திட்டத்தின் மதிப்பீட்டில் ஒரு சிறு வரியாகவே அடங்கும்.

அந்த ஆட்கள் எவர் என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. நகரத்திலிருந்து மாற்றலில் அனுப்பப்படும் ஊழியர் முதல் குளிர்காலத்திலேயே மாற்றலுக்கு மனுச்செய்வார். அவரைக் குறைகூறவும் முடியாது. லாதாவிலும் தோல்மாவிலும் உள்ள இளைஞர்கள் அந்தச் சரிவுகளை ஆட்டு மந்தையின் பின்னால் நடந்து அறிந்த குடும்பத்தினர். எந்த மாதத்தில் எந்த முகட்டில் பனி நிற்கும், எப்போது ஆற்றின் நிறம் மாறும் என்பது அவர்களுக்குப் பாட்டனார் வழியாக வந்த அறிவு. பனியளவு எடுக்கவும், மழைமானி பார்க்கவும், ஆற்று நீர்மட்டம் குறிக்கவும் அவர்களைப் பயிற்றி, நிரந்தர ஊதியத்தில் அமர்த்தலாம். பூங்கா மூடப்பட்டதால் அவர்கள் இழந்த சுமைக் கூலிக்கு அது ஈடாகும். நமக்கோ இன்றுவரை கிடைக்காத குளிர்கால அளவீடுகள் கிடைக்கும்.

மலையைக் காண ஆவல் கொண்டோர் உள்ளே செல்ல வேண்டியதில்லை. அக்டோபர் மாதத்தில், மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் காலையில், கௌசானியிலிருந்து பார்த்தால் இரு சிகரங்களும் அவற்றை இணைக்கும் முகடும் நன்கு தெரியும். வாய்ப்புள்ளோர் அதன்பின் பேருந்தில் ரேணி வரை சென்று, ரிஷி கங்கையின் கரையில் நின்று, பெருக்கு கொணர்ந்து போட்ட பாறைகளின் அளவைப் பார்த்துவிட்டு வாருங்கள். வினாக்கள் இருப்பின் இப்போது கேட்கலாம்.